நானோ பொருள் சேர்த்த நீர்வடிப்புச் சவ்வுகள்: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் தமிழ்ப்பள்ளி அறிவியல் நிகழ்ச்சிகளிலும் தாமான் கூட்டங்களிலும் தண்ணீர் வடிகட்டும் சவ்வுகளைப் பற்றிப் பேசி வருகிறேன். பேச்சு முடிந்ததும் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கேட்பவர்கள்தான் மாறுவார்கள்: வீட்டுக்கு ஃபில்டர் வாங்க நினைக்கும் அக்கா, புத்தாக்கப் போட்டிக்குத் தயாராகும் மாணவர், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தம்பி. அந்தக் கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

வீட்டு ஃபில்டருக்குள் இருக்கும் மெம்பிரேன் என்பது என்ன?

மெல்லிய பாலிமர் சவ்வு. பாலிமர் என்பது பிளாஸ்டிக் போல, நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பொருள். தண்ணீரை விட்டுவிட்டு மற்றதை நிறுத்துவது அதன் வேலை. எதை நிறுத்தும் என்பது துளையின் அளவைப் பொறுத்தது.

நம் ஊர் வீடுகளில் அதிகம் பார்ப்பது யு.எஃப். (அல்ட்ரா ஃபில்ட்ரேஷன்) வகை. எஃகு உறையைத் திறந்தால் வெள்ளை இழைகள் கட்டாக இருக்கும். ஒவ்வோர் இழையின் நடுவிலும் ஒரு குழல் உண்டு. இழையின் சுவர்தான் சவ்வு. அதன் துளைகள் ஏறத்தாழ 10 முதல் 100 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். குடல் பாக்டீரியாக்கள் 1000 நானோமீட்டருக்கு மேல் இருப்பதால் இந்தத் துளைகளில் நுழைய முடியாது. துருவும் களிமண்ணும் நின்றுவிடும். போலியோ வைரஸ் போல 30 நானோமீட்டர் அளவில் உள்ளவை நிற்குமா என்பது அந்தச் சவ்வின் துளையைப் பொறுத்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, அம்மோனியா, குளோரின் எதையும் யு.எஃப். தடுக்காது.

ஆர்.ஓ. (ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ்) வேறு விதம். அதன் மேல்தோல் பாலிஅமைடு என்ற பொருள். தடிமன் 100, 200 நானோமீட்டர்தான். அதில் துளை என்று காட்ட எதுவும் இல்லை. பாலிமர் சங்கிலிகளுக்கு இடையே உள்ள இடுக்குகள் வழியாகத் தண்ணீர் மூலக்கூறுகள் மட்டும் அழுத்தத்தால் நகர்ந்து போகின்றன, உப்பு பின்தங்குகிறது. நடைமுறைக்கு உதவிய முதல் ஆர்.ஓ. சவ்வை உருவாக்கியவர்கள் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சிட்னி லோபும் இந்தியாவில் பிறந்த ஸ்ரீநிவாச சௌரிராஜனும். அவர்கள் பயன்படுத்தியது செல்லுலோஸ் அசிட்டேட். 1965-இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூருக்கு அந்தச் சவ்வு குடிநீர் கொடுத்தது. பாலிஅமைடு அதற்குப் பிறகு, 1970களில் வந்தது.

இவ்வளவு நன்றாக வேலை செய்யும்போது இதில் மேம்படுத்த என்ன இருக்கிறது?

மூன்று தொல்லைகள் இருக்கின்றன. இவற்றைக் குறைக்கத்தான் நானோ பொருள்களை, அதாவது நானோமீட்டர் கணக்கில் அளக்கும் அளவுக்குச் சிறிய துகள்கள், குழாய்கள், தாள்களை, சவ்வில் சேர்க்கிறார்கள்.

முதலாவதும் பெரியதும் அழுக்குப் படிவது. சவ்வுக்குப் பயன்படும் பி.வி.டி.எஃப்., பி.இ.எஸ். போன்ற பாலிமர்கள் தண்ணீரோடு அவ்வளவாக ஒட்டாதவை. ஆனால் தண்ணீரில் உள்ள எண்ணெய், புரதம், இலைமக்கிலிருந்து வரும் பழுப்புப் பொருள் இவற்றோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். முதல் அடுக்கு ஒட்டிய பின் அதன் மேல் பாக்டீரியா குடியேறி வழவழப்பான படலத்தைக் கட்டும். தண்ணீர் வரத்து குறையும், அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், ரசாயனம் போட்டுக் கழுவ வேண்டும். அப்படிக் கழுவுவதே சவ்வின் ஆயுளைக் குறைக்கும்.

இரண்டாவது, துளையைப் பெரிதாக்கினால் தண்ணீர் அதிகம் வரும், ஆனால் வேண்டாததும் கூடவே வரும். சிறிதாக்கினால் சுத்தம் கூடும், வரத்து குறையும். வெறும் பாலிமரை வைத்துக்கொண்டு இரண்டையும் ஒருசேரக் கூட்டுவது கடினம்.

மூன்றாவது, பாலிஅமைடுக்குக் குளோரின் ஆகாது. பாக்டீரியாவைக் கொல்லப் போடும் குளோரின் சவ்வையே அரித்துவிடும். மலேசியக் குழாய்த் தண்ணீரில் குளோரின் எச்சம் லிட்டருக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று குடிநீர்த் தரம் சொல்கிறது. ஆர்.ஓ. இயந்திரத்தில் சவ்வுக்கு முன்னால் கார்பன் கார்ட்ரிட்ஜ் இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். கார்பனை நேரத்துக்கு மாற்றாத வீட்டில் ஆர்.ஓ. சவ்வு சீக்கிரம் கெடும்.

நானோ பொருளை சவ்வுக்குள் எப்படிச் சேர்க்கிறார்கள்?

யு.எஃப். சவ்வு செய்ய, பாலிமரை ஒரு கரைப்பானில் கரைத்துக் கெட்டியான குழம்பாக்குவார்கள். அதைக் கண்ணாடியில் மெல்லியதாக இழுத்தோ, இழையாகப் பிழிந்தோ தண்ணீர்த் தொட்டிக்குள் விடுவார்கள். கரைப்பான் வெளியேறி, தண்ணீர் உள்ளே புகுந்து, பாலிமர் உறைந்து துளைகளோடு நிற்கும். நானோ துகளை அந்தக் குழம்பிலேயே கலந்துவிடுவது ஒரு வழி. ஆர்.ஓ. என்றால், மேல்தோல் உருவாகும் அந்த நொடியில் துகள்களை அதற்குள் சிக்க வைப்பார்கள். செய்து முடித்த சவ்வின் மேல் பூசுவது மூன்றாவது வழி.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் படும் பாடு முழுவதும் துகளைச் சீராகப் பரப்புவதில்தான். கொதிக்கும் நீரில் ரவையை ஒரேயடியாகக் கொட்டினால் கேசரி கட்டி தட்டுவதுபோல, நானோ துகள்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரளும். திரண்ட இடத்தில் துளை அடைபடும், அல்லது அதைச் சுற்றி வெடிப்பு விட்டு உப்பு கசியும். அதனால் துகளின் அளவு பெரும்பாலும் பாலிமரின் எடையில் சில சதவீதம்தான். அதற்கு மேல் போட்டால் பலன் குறையத் தொடங்கும். அதிகமாகப் போட்டால் அதிக நன்மை என்று விற்பனையாளர் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எந்தெந்தப் பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள்? ஒவ்வொன்றும் என்ன செய்கிறது?

டைட்டானியம் டையாக்சைடு: வெள்ளைப் பெயிண்டில் இருக்கும் அதே பொருள், நானோ அளவில். சவ்வின் மேற்பரப்பைத் தண்ணீரை விரும்பும்படி மாற்றுகிறது. தண்ணீர் அங்கே படலமாக ஒட்டிக்கொள்வதால் எண்ணெய்க்கும் புரதத்துக்கும் இடம் கிடைப்பதில்லை. புற ஊதா ஒளி பட்டால் அழுக்கை எரித்தும்விடும். ஆனால் மூடிய எஃகு உறைக்குள் ஒளி ஏது? 'தானே சுத்தமாகும்' என்று வீட்டு ஃபில்டரில் எழுதியிருந்தால், விளக்கு எங்கே என்று கேளுங்கள். ஒளி இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு: அழுக்கைத் தாக்கும் வேதிவினை சவ்வின் பாலிமரையும் தாக்கும்.

வெள்ளி: அயனியாக, அதாவது மின்னேற்றமுள்ள அணுவாக, கரைந்து பாக்டீரியாவைக் கொல்லும். பலன் தெளிவானது, ஆனால் கரைந்து கரைந்துதான் வேலை செய்கிறது. ஆகவே ஒரு நாள் தீர்ந்துவிடும்.

ஜியோலைட்: ஏறத்தாழ 0.4 நானோமீட்டர் துளை உள்ள கனிமப் படிகம். தண்ணீர் மூலக்கூறு 0.28 நானோமீட்டர் என்பதால் நுழைய முடியும். நீர் போர்த்திய சோடியம் அயனி 0.7-க்கு மேல் என்பதால் நுழைய முடியாது. 2007-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் எரிக் ஹோக் குழுவினர் இதை ஆர்.ஓ. தோலுக்குள் சேர்த்தார்கள். உப்பைத் தடுக்கும் திறன் குறையாமல் நீர்வரத்து ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அதிலிருந்து பிறந்த நானோஎச்2ஓ நிறுவனத்தை 2014-இல் கொரியாவின் எல்ஜி கெம் வாங்கியது. ஆய்வுக்கூடத்தைத் தாண்டிக் கடல்நீர் ஆலைகள் வரை வந்து சேர்ந்த நானோ சவ்வு என்று தயங்காமல் சொல்லக்கூடியது இது.

கார்பன் நானோ குழாய்: 2006-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 2 நானோமீட்டருக்கும் குறைந்த குழாய்கள் வழியாகத் தண்ணீர், வழக்கமான கணக்கு சொன்னதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வேகமாகப் பாய்ந்தது. உலகமே வியந்தது. ஆனால் கோடிக்கணக்கான குழாய்களை ஒரே திசையில் நிறுத்தி, ஓர் இடத்திலும் ஓட்டை விழாமல் சதுர மீட்டர் கணக்கில் சவ்வு செய்வது இன்னும் பெரும்பாடு.

கிராஃபீன் ஆக்சைடு: மாணவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள்களில் ஆக்சிஜன் சேர்ந்தது. தாள்களை அடுக்கினால் இடுக்குகள் வழியே தண்ணீர் போகும். 2012-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், கேரளத்திலிருந்து சென்ற ராகுல் நாயரும் ஆந்த்ரே கெய்மும் இருந்த குழு இதைக் காட்டியது. ஹீலியம்கூடக் கசியாத அந்த அடுக்கில் நீராவி தடையின்றிப் போனது. சரி, உப்பை நிறுத்துமா? அங்கேதான் தடை வந்தது. தண்ணீரில் ஊறும்போது அடுக்கு வீங்கும், தாள்கள் விலகும், சிறிய அயனிகள் தப்பிவிடும். 2017-இல் அதே குழு அடுக்கை எப்பாக்சிப் பிசினுக்குள் இறுக்கிப் பிடித்து, வீங்காமல் தடுத்து, உப்பை நிறுத்திக் காட்டியது. செலவும் அளவும் இன்னும் கைக்கு எட்டவில்லை. ஆனாலும் சாய ஆலைக் கழிவில் நிறத்தை நீக்குவது போன்ற வேலைகளுக்கு, உப்பை நிறுத்தத் தேவையில்லாத இடங்களில், இது நல்ல பொருள்.

தண்ணீர் பல மடங்கு வேகமாகப் போனால் மின்சாரச் செலவும் பல மடங்கு குறையும் அல்லவா?

இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் நான் எப்போதும் நேரம் எடுத்துப் பதில் சொல்வேன், ஏனென்றால் நானோ சவ்வு பற்றிய பெரும்பாலான பரபரப்பு இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதிலிருந்து நன்னீரைப் பிரிக்க 27 பார் அளவுக்குச் சவ்வூடு அழுத்தத்தை, அதாவது உப்பு நீர் சவ்வு வழியே நன்னீரைத் தன் பக்கம் இழுக்கும் அழுத்தத்தை, எதிர்த்துத் தள்ள வேண்டும். ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். நன்னீரை எடுக்க எடுக்க மிஞ்சுவது இன்னும் உப்பாகும். பாதியை எடுத்த நிலையில் மிச்ச நீரின் அழுத்தம் இரு மடங்காகி 54 பாரைத் தொடும். சவ்வு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஒரே கட்டமாக இயங்கும் ஆலையின் பம்ப் அதற்கு மேல்தான் தள்ள வேண்டும். இன்றைய ஆலைகள் ஏற்கெனவே 55 முதல் 70 பாரில்தான் இயங்குகின்றன. ஆக, மிச்சப்படுத்த இருக்கும் இடைவெளியே சிறியது. இயற்கை விதிப்படி, கடல்நீரில் பாதியை நன்னீராக்க ஒரு கன மீட்டருக்குக் குறைந்தது 1 யூனிட் மின்சாரம் வேண்டும். நடைமுறையில், முன்சுத்திகரிப்பையும் சேர்த்து, 3 முதல் 4 யூனிட் ஆகிறது. சவ்வு ஆய்வாளர்களான மேனகெம் எலிமெலெக்கும் வில்லியம் ஃபிலிப்பும் 2011-இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் விளக்கினார்கள்: சவ்வை இன்னும் வேகமாக்குவதால் கடல்நீர் ஆலையில் கிடைக்கும் மிச்சம் கொஞ்சம்தான்.

அப்படியானால் நானோ பொருள் வீணா? வீணே இல்லை. அது எங்கே உதவும் என்பதைச் சரியாகப் பார்க்க வேண்டும். அழுக்குப் படியாத சவ்வு கிடைத்தால் முன்சுத்திகரிப்பு குறையும், ரசாயனக் கழுவல் குறையும், ஆயுள் நீளும். குளோரினைத் தாங்கும் சவ்வு கிடைத்தால் ஆலையின் அமைப்பே எளிதாகும். போரான் போன்ற, ஆர்.ஓ.வில் நழுவிப் போகும் பொருள்களைப் பிடிக்கும் சவ்வு கிடைத்தால் இரண்டாம் சுற்று வடிப்பு வேண்டியிருக்காது. அதனால் புதுச் சவ்வு பற்றிய செய்தி வந்தால் 'எத்தனை மடங்கு வேகம்' என்பதை விட்டுவிட்டு, 'அசல் தண்ணீரில் எத்தனை மாதம் ஓடியது, எத்தனை முறை கழுவிய பின்னும் தாங்கியது' என்று தேடுவேன். பெரும்பாலான செய்திகளில் அது இருக்காது. சுத்தமான நீரில் உப்பை மட்டும் கரைத்துச் சில மணி நேரம் ஓட்டிய சோதனையாகவே இருக்கும்.

துகள்கள் கழன்று குடிக்கும் தண்ணீரில் கலந்துவிடாதா?

நியாயமான பயம். சவ்வின் உடலுக்குள் சிக்கியிருக்கும் துகள் கழலுவது குறைவு. மேலே பூசியது எளிதில் கழலும். வேதிப்பிணைப்பால் கட்டியது இன்னும் உறுதி. வெள்ளி மட்டும் கரைவதற்காகவே வைக்கப்படுவது. குடிநீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வரை வெள்ளி இருந்தால் உடல்நலத்துக்குக் கேடில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நல்ல தயாரிப்பாளர் எவ்வளவு கழன்று வருகிறது என்று சோதித்துக் காட்டுவார். அந்த அறிக்கை இல்லாத நானோ ஃபில்டரை என் வீட்டில் மாட்ட மாட்டேன்.

கடையில் 'நானோ ஃபில்டர்' என்று விற்கிறார்களே, வாங்கலாமா?

பெட்டியில் இருக்கும் அந்தப் பெயருக்குப் பின்னால் வெவ்வேறு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, நானோ அளவில் துளையுள்ள சாதாரணப் பாலிமர் சவ்வு. அதில் நானோ பொருள் எதுவும் இருக்காது. இன்னொன்று, வெள்ளி பூசிய கார்பன். மூன்றாவது, உண்மையிலேயே துகள் கலந்த சவ்வு. வீட்டுச் சந்தையில் இது அரிது. விற்பவரிடம் எது என்று கேட்டால் பதில் வர வேண்டும்.

அதைவிடப் பயனுள்ளது சான்றிதழ் எண்ணைப் பார்ப்பது. என்.எஸ்.எஃப். என்ற அமெரிக்கத் தர அமைப்பின் எண்கள் இவை: 42 என்றால் குளோரின், வாடை, சுவை. 53 என்றால் ஈயம் போன்ற உடல்நலக் கேடுகள். 58 என்றால் ஆர்.ஓ. எந்தப் பொருளை நீக்குவதற்குச் சான்று என்று அதற்குள்ளும் பட்டியல் இருக்கும். பல ஆயிரம் ரிங்கிட் கொடுக்கும் முன் அந்தப் பட்டியலைக் கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

பினாங்குத் தண்ணீருக்கு இதெல்லாம் தேவையா?

ஒரு காலத்தில் ஜார்ஜ் டவுனுக்குத் தண்ணீர் தாவரவியல் பூங்கா அருவியிலிருந்து வந்தது, தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பக்கத்தில். இப்போது மாநிலத்துக்கு வேண்டிய நீரில் பெரும்பகுதி கெடாவிலிருந்து இறங்கி வரும் மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. சுங்கை டுவா நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டு, கடலடிக் குழாய் வழியாகத் தீவுக்கும் போகிறது. ஆயர் ஈத்தாம், தெலுக் பகாங், மெங்குவாங் அணைகள் துணைக்கு நிற்கின்றன. படிகாரம் போட்டுக் கலங்கலைத் திரட்டி, தெளியவைத்து, மணலில் வடித்து, குளோரின் போட்டு அனுப்புவது நல்ல முறைதான். வீட்டில் பழுப்பாக வந்தால், பெரும்பாலும் பழைய குழாயின் துருவும் மாங்கனீசுப் படிவும்தான் காரணம். தண்ணீரை நிறுத்தித் திரும்ப விடும்போது அது கிளம்பும்.

அதற்கு வாசலில் ஒரு மணல் ஃபில்டர், சமையலறையில் கார்பனோடு சாதாரண யு.எஃப்., போதும். கரைந்த உப்பு இங்கே பிரச்சினை இல்லை என்பதால் ஆர்.ஓ. கட்டாயமில்லை, அது ஒரு பங்கு நீரைச் சாக்கடைக்கும் அனுப்பும். எவ்வளவு உயர்ந்த சவ்வாக இருந்தாலும், மணல் ஃபில்டரை வாரம் ஒரு முறையாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவாத வீட்டில் அதற்கு ஆயுள் இல்லை.

தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு ஃபில்டர் தண்ணீர் கொடுக்க நினைக்கிறோம். நல்லதா?

இதில் கவனம் வேண்டும், ஐயா. கார்பன் ஃபில்டர் குளோரினை நீக்கிவிடும். குளோரின் இல்லாத தண்ணீரைப் பீப்பாயில் பல மணி நேரம் வெயிலில் வைத்தால், மோந்து கொடுக்கும் கையிலிருந்தும் கோப்பையிலிருந்தும் ஐஸ் கட்டியிலிருந்தும் கிருமி சேர்ந்து பெருகும். வடிகட்டினால் உடனுக்குடன் குழாய் வைத்துக் கொடுங்கள். தேக்கி வைப்பதானால் குழாய்த் தண்ணீரை அப்படியே, கழுவிய மூடிய பீப்பாயில் வையுங்கள்.

மலேசியாவில் நானோ சவ்வு நிஜமாக உதவும் இடம் எது?

என் கணிப்பில் முதல் இடம் செம்பனை ஆலை. சுத்திகரிக்காத கழிவுநீரின் உயிர்வழி ஆக்சிஜன் தேவை (அதிலுள்ள அழுக்கை மக்கவைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன்) லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். ஆற்றில் விடும் முன் அதை 100-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது பொதுவான வரம்பு. குளங்களில் மக்கவைத்து அதைச் சாதிக்கிறார்கள். ஆனாலும் பழுப்பு நிறம் போவதில்லை. அங்கே சாதாரண சவ்வை வைத்தால் எண்ணெயும் பழுப்புப் பொருளும் அதைச் சீக்கிரம் அடைத்துவிடும். எண்ணெயை ஒட்டவிடாத சவ்வு வேண்டும். டைட்டானியம் டையாக்சைடு, கிராஃபீன் ஆக்சைடு ஆய்வுகள் இங்கே பலன் தரும். தோட்டப்புறத்தில் ஆற்றங்கரையில் வளர்ந்த நம்மவர் குடும்பங்கள் எத்தனை! அந்த ஆறுகள் தெளிய வேண்டும் என்பதில் எனக்கு ஆய்வு ஆர்வத்தைவிடப் பெரிய அக்கறை உண்டு.

அடுத்தது பாயான் லெப்பாஸ். மின்னணுச் சில்லு செய்யும் ஆலைகளுக்கு அயனியே இல்லாத நீர் வேண்டும், அதன் மின்தடைத்திறன் 18.2 மெகாஓம் சென்டிமீட்டர் வரை போகும். அங்கே பயன்படுத்திய நீரை மறுபடி சுத்தமாக்க முடிந்தால் மூடா ஆற்றின் சுமை குறையும். சிங்கப்பூர் 2003 முதல் நியூவாட்டர் என்ற பெயரில் இதையே நாட்டளவில் செய்துவருகிறது.

தமிழ்நாட்டில் யாராவது இதில் இருக்கிறார்களா?

சென்னை ஐஐடியில் பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு நானோ அளவு இரும்பு ஆக்சைடு வகைப் பொருளைக் கொண்டு நீரிலிருந்து ஆர்செனிக்கை நீக்குகிறது. அது சவ்வு இல்லை. ஈர்த்துப் பிடிக்கும் முறை. அழுத்தம் தேவையில்லை என்பதால் கிராமங்களுக்கு ஏற்றது.

என் மகள் இதைப் படிக்க விரும்புகிறாள். எங்கே போகலாம்? இப்போதே ஏதாவது செய்து பார்க்கலாமா?

வேதிப் பொறியியல், வேதியியல், பொருளறிவியல் மூன்றில் எதுவும் வழிதான். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் நிபோங் திபாலிலேயே இருக்கிறது. அங்குள்ள வேதிப் பொறியியல் பள்ளியில் சவ்வு ஆய்வு நடக்கிறது. ஜொகூர் ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சவ்வுக்கென்றே அம்தெக் என்ற ஆய்வு மையம் உண்டு.

பள்ளியில் செய்ய, நானோ தூள் எதையும் வாங்க வேண்டாம். உலர்ந்த தூள் மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். அதற்குப் பதில், பழைய யு.எஃப். கார்ட்ரிட்ஜ் ஒன்றை அறுத்துக் காயவைத்து, இழைகளின் மேல் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பக்கவாட்டில் கைப்பேசியில் படமெடுக்கச் சொல்லுங்கள். துளி குமிழாக நிற்கிறதா, பரவுகிறதா என்று கோணத்தை அளக்கலாம். அழுக்கான இழை, சோப்பு நீரில் ஊறிய இழை, புது இழை மூன்றையும் ஒப்பிடலாம். ஆய்வுக்கூடத்தில் புதுச் சவ்வு கைக்கு வந்ததும் நாங்கள் முதலில் செய்யும் சோதனைகளில் இதுவும் ஒன்று.